தரவுத்தள வேலைக்கு வர விரும்பும் தம்பிக்கு

கேள்வி:

அக்கா, நான் சாவகச்சேரியைச் சேர்ந்தவன். கணினியில் டிப்ளோமா முடித்து, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். திரைகளை வடிவமைப்பதைவிட எனக்குத் தரவுத்தளப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. அதிலேயே ஒரு நிபுணனாக வர ஆசை. எந்தப் புத்தகங்களை வாசிக்க வேண்டும்? ஒராக்கிள் சான்றிதழ் வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள், சேரலாமா? கிளவுட், ஏஐ எல்லாம் வந்த பிறகு இந்த வேலை நிலைக்குமா? கொழும்புக்குப் போயே ஆக வேண்டுமா? அம்மா அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

வாசகர், சாவகச்சேரி

பதில்:

தம்பி, சான்றிதழ் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். காசு போகிற விஷயம் அதுதான். இப்போதைக்குச் சேர வேண்டாம். ஒராக்கிள் நல்ல தரவுத்தள மென்பொருள், என் வேலைக்காலத்தில் பெரும்பகுதியை அதனோடுதான் கழித்தேன். ஆனால் நீங்கள் பில் போட்டுக் கொடுக்கும் கடைகளில் ஒராக்கிள் ஓடவில்லை. கையில் தொடாத ஒன்றுக்கு விடை பாடமாக்கி எடுக்கும் சான்றிதழ், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே கழன்றுவிடும். நாளைக்கு ஒரு வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ உங்களை எடுத்து, சான்றிதழும் வேண்டும் என்றால் அப்போது எடுங்கள். அதற்குள் அரைவாசிப் பாடத்திட்டம் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

இனிப் புத்தகம். வாசிக்க வேண்டியவை என்று இருபது, முப்பது புத்தகம் போட்ட பட்டியல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றை முழுக்க வாசித்து முடித்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு பாடப்புத்தகம், ஒரு தரவுத்தள மென்பொருள், உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு தரவு. இந்த மூன்றையும் ஒரு வருடத்துக்கு மாற்றாமல் வைத்திருங்கள். மற்றப் புத்தகங்களைக் கேள்வி எழும்போது எடுத்தால் போதும்.

மென்பொருள் என்று கேட்டால் போஸ்ட்கிறெஸ் என்பேன். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். அதைவிட முக்கியம், அதன் கையேடு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிறேக்கர் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம்தான் போஸ்ட்கிறெஸ். போஸ்ட்கிறெஸ்கியூஎல் என்ற இன்றைய முழுப்பெயர் 1996இல்தான் வந்தது. வகுப்பறையில் பிறந்ததாலோ என்னவோ, கையேட்டைப் படித்தால் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்குவது போலவே இருக்கும். ஒரே நேரத்தில் பலர் தரவைத் தொடும்போது என்ன நடக்கிறது என்ற அத்தியாயம், ஒரு கேள்விக்குத் தரவுத்தளம் எந்த வழியில் விடை தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையைப் பயன்படுத்துவது பற்றிய பகுதி, பழைய பதிவுகளின் குப்பையைத் துடைக்கும் வாக்குவம் முதலிய வழக்கமான பராமரிப்பு பற்றிய அத்தியாயம், பேக்கப் அத்தியாயம் ஆகிய நான்கையும் சொல் விடாமல் வாசியுங்கள். மைஎஸ்கியூஎல்லில்தான் உங்கள் கொம்பனி வேலை நடக்கிறது என்றால் அதோடேயே இருங்கள், குடி முழுகாது. ஆனால் ஒன்றையே பிடியுங்கள்.

பாடப்புத்தகத்துக்கு மூன்று தெரிவு இருக்கிறது. சில்பர்ஷாற்ஸ், கோர்த், சுதர்சன் எழுதிய 'டேட்டாபேஸ் சிஸ்டம் கொன்செப்ட்ஸ்'. ராகு ராமகிருஷ்ணனும் யொஹானஸ் கேர்க்கேயும் எழுதிய 'டேட்டாபேஸ் மனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ்'. எல்மாஸ்ரி, நவாத்தே எழுதிய 'ஃபண்டமென்ரல்ஸ் ஒஃப் டேட்டாபேஸ் சிஸ்டம்ஸ்'. டிப்ளோமாவில் இவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டோகொப்பியில் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது ராமகிருஷ்ணனின் புத்தகம். அதில் பெரும்பாலும் மாலுமிகள், படகுகள், எந்த மாலுமி எந்தப் படகை எந்த நாளுக்குப் பதிந்தார் என்ற மூன்று அட்டவணைகளை வைத்தே, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லைச் சொல்லித் தருவார்கள். குருநகர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு உதாரணத்தைவிட அது சட்டென்று பிடிபடுவதைக் கண்டிருக்கிறேன். பதிப்பு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இன்டெக்ஸுக்கு, அதாவது தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியலுக்கு, உள்ளே இருக்கும் பி-மரம் எப்படி வளர்கிறது, இரண்டு அட்டவணையை எத்தனை விதத்தில் இணைக்கலாம், ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி, பாதியில் நின்றால் என்ன செய்வது என்பவை எல்லாம் இருபது வருடத்துக்கு முன்னர் எழுதியபடிதான் இன்றும் நடக்கின்றன.

பாடப்புத்தகத்தில் மூன்று அத்தியாயம் போனதும் நிறுத்திவிட்டு, எட்கர் கொட் 1970இல் எழுதிய கட்டுரையை எடுங்கள். பதினொரு பக்கம்தான். ஐபிஎம்மின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் இருந்த கணிதக்காரர். அந்தக் காலத்துத் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குச் சுட்டிகளைப் பிடித்துப் பிடித்து நடந்துபோக வேண்டும். தரவு வட்டில் எப்படிக் கிடக்கிறது என்று தெரியாதவரால் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. வட்டில் எப்படிக் கிடந்தால் உங்களுக்கென்ன, வேண்டியதை மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் கொட்டின் வாதத்தின் சாரம். கணிதக் குறியீடு வரும் இடத்தில் பயந்து மூடிவிடாதீர்கள், தாண்டிப் போங்கள். அவருடைய ஐபிஎம்மே அந்த யோசனையை உடனே விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அங்கே சேம்பர்லினும் பொய்ஸும் 1974இல் எஸ்கியூஎல்லின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். ஆனால் 1979இல் சந்தையில் முந்திக்கொண்டது பின்னாளில் ஒராக்கிள் என்று பெயர் மாறிய சிறிய கொம்பனி. நீங்கள் கட்டணம் விசாரித்த அந்தச் சான்றிதழின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

எஸ்கியூஎல் நன்றாக எழுதுவேன் என்று நினைக்கத் தொடங்கும்போது கிறிஸ் டேற்றின் 'எஸ்கியூஎல் அண்ட் ரிலேஷனல் தியரி' கைக்கு வர வேண்டும். கொட்டோடு நெருங்கி வேலை செய்தவர். கோபக்காரர், எஸ்கியூஎல்லைக் கொட்டின் கோட்பாட்டின் பிழையான வடிவம் என்றே திட்டுவார். அவர் சொல்லும் எல்லாவற்றோடும் நான் உடன்பாடில்லை. ஆனால் 'நல்', அதாவது நிரப்பாமல் விட்ட இடம், பற்றி அவர் எழுதியதை வாசித்த பிறகு அதைச் சும்மா விட மாட்டீர்கள். ஒரு கிளினிக்கின் நோயாளர் அட்டவணையில் மாவட்டம் யாழ்ப்பாணம் அல்லாதவர்களை எடுத்துத் தா என்று கேட்டுப் பாருங்கள். மாவட்டம் நிரப்பாமல் விட்டவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். யாழ்ப்பாணம் உள்ளவர்களைக் கேட்டாலும் வரமாட்டார்கள். இரண்டு பட்டியலையும் கூட்டினால் மொத்தம் வராது. கணக்காளர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

வேகம் பற்றிய கேள்வி வரும்போது, உங்கள் வேலையில் அது ஏற்கெனவே வந்திருக்கும், மார்க்குஸ் வினான்டின் 'எஸ்கியூஎல் பெர்ஃபோமன்ஸ் எக்ஸ்பிளெயின்ட்' போதும். சிறிய புத்தகம், உள்ளடக்கத்தை அவரே இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட முழுப் புத்தகமும் இன்டெக்ஸ் ஒன்றைப் பற்றித்தான். வாக்காளர் இடாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம அலுவலர் பிரிவு, அதற்குள் வீட்டு இலக்கம் என்ற வரிசையில் இருக்கும். பிரிவும் வீடும் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் ஆளைப் பிடிக்கலாம். பெயர் மட்டும் தெரிந்தால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். அட்டவணையின் இரண்டு மூன்று நிரல்களில், அதாவது செங்குத்து வரிசைகளில், இன்டெக்ஸ் போடும்போது எது முதலில் என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை வினான்ட் படம் போட்டுக் காட்டுவார். நான் பார்த்த மெதுவான மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் வருத்தம் இதுதான். அதற்கு மருந்தாகப் பெரிய சேர்வர் வாங்கியவர்களும் உண்டு.

பில் கார்வினின் 'எஸ்கியூஎல் அன்ரிபற்றேர்ன்ஸ்' இன்னொரு விதம். பிழையான வடிவமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் ஆட்கள் அப்படிச் செய்கிறார்கள், பிறகு எங்கே கடிக்கும் என்று சொல்லும். ஒரே நிரலுக்குள் காற்புள்ளி போட்டுப் பத்துப் பெறுமதிகளை அடைப்பதுதான் அவர் எடுக்கும் முதல் பிழை. உங்கள் கொம்பனியின் அட்டவணைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். சிரிப்பும் வரும்.

மார்ட்டின் கிளெப்மனின் 'டிசைனிங் டேட்டா இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்' 2017இல் வந்தது. இப்போது எல்லோரும் முதலில் சொல்லும் புத்தகம் அதுதான். அருமையான புத்தகம், ஆனால் உங்களுக்கு இரண்டாவது வருடத்தில். பத்துச் சேர்வருக்கு இடையில் தரவு எப்படி முரண்படும் என்பதை, ஒரு சேர்வருக்குள் இரண்டு காசாளருக்கு இடையில் எப்படி முரண்படும் என்று கண்ணால் பார்க்காமல் வாசித்தால் சொற்கள் மட்டும்தான் மிஞ்சும். ஜிம் கிரேயும் அன்ட்ரியாஸ் ரொய்ற்றரும் பரிவர்த்தனைகள் பற்றி எழுதிய ஆயிரம் பக்கப் புத்தகத்தை வாங்கவே வேண்டாம், நூலகத்தில் கண்டால் புரட்டுங்கள். கிரே 1998இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே தன் பாய்மரப் படகில் தனியாகப் போனார், திரும்பவில்லை. பரிவர்த்தனை பாதியில் அறுந்தால் மீட்பது எப்படி என்று எழுதியவரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மீட்பு முறையை மேலும் விரித்து 1992இல் வந்த ஏரீஸ் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். எழுபது பக்கத்துக்குக் கிட்ட வரும். அதை நான் முதலில் வாசித்தபோது பாதியும் விளங்கவில்லை, ஆனால் சேர்வர் திடீரென்று நின்று திரும்ப எழும்பும்போது திரையில் ஓடும் வரிகளுக்கு அர்த்தம் தெரியத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வாசிப்பில் அலுப்பு வந்தால் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்டி பாவ்லோ நடத்தும் தரவுத்தள விரிவுரைகள் யூடியூபில் முழுதாக இருக்கின்றன. ஆள் வேகமாகப் பேசுவார், வேகத்தைக் குறைத்துப் போட்டுக் கேளுங்கள்.

சரி, மூன்றாவதாகச் சொன்ன தரவுக்கு வருவோம். வாசிப்பதற்கு இணையாக ஒன்றைக் கட்ட வேண்டும். பயிற்சிக்கு உங்கள் வாடிக்கையாளரின் தரவை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கிளினிக்கின் நோயாளர் விவரம் உங்கள் லப்டொப்பில் இருக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையில்லை. உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குப் போய், புத்தகப் பதிவேட்டை எடுத்து ஒரு தரவுத்தளம் செய்யுங்கள். புத்தகம், ஆசிரியர், இரவல் கொடுத்த கணக்கு. அங்கத்தவர் பெயர்களுக்கு மட்டும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது கற்பனைப் பெயர் போடுங்கள். பார்க்க மூன்று அட்டவணை வேலை போலிருக்கும். தொடங்கினால்தான் தெரியும், எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லாத பிரச்சினைகள் வரிசையாக வரும்.

முதலாவது, பெயர். உதாரணமெல்லாம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நிரல் போட்டிருக்கும். நமக்குக் குடும்பப்பெயரே இல்லை, முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். க. சிவகுமார் என்று பதிவேட்டில் இருப்பவர் கடவுச்சீட்டில் கந்தையா சிவகுமார், கனடாவில் இருந்து எழுதும்போது சிவகுமார் கந்தையா. இரண்டு நிரலில் இவரைப் போட்டால் மூன்று ஆளாகிவிடுவார். முழுப்பெயருக்கு ஒரு நிரல், அழைக்கும் பெயருக்கு ஒரு நிரல் என்று வைப்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

பெயரால் முடியாது என்றதும் அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நிரலாக, போடத் தோன்றும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒன்றுமே இருக்காது. அதோடு அந்த இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் ஒளிந்திருக்கிறது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆளின் வயதையும் பாலையும் சொல்லிக் கொடுக்கும் ஒன்றை ஒவ்வொரு அட்டவணைக்கும் சாவியாகக் கொண்டுபோவது நல்லதில்லை. உங்கள் சொந்த இலக்கம் ஒன்றைக் கொடுங்கள், அடையாள அட்டை பக்கத்தில் ஒரு நிரலாக இருக்கட்டும்.

பிறகு எழுத்து. யாழ்ப்பாணம் என்ற சொல் கண்ணுக்கு 6 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யுனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனி, 11 குறியீடு. அந்த எண்களைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். பைட் கணக்கில் 30 என்று அளவு வைத்த நிரலுக்குள் நம்முடைய நகரத்தின் பெயர் நுழையாது. ஒராக்கிளில் இயல்பாக அளவு பைட்டில்தான், எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் நாம் சொல்ல வேண்டும். கொக்குவில் இன்னொரு விதம். அதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சமமா என்று கேட்டால் தரவுத்தளம் இல்லை என்னும். பயனர் தேடித் தேடிக் களைத்துப்போய் புதிதாக ஒரு பதிவைப் போடுவார். உள்ளே எடுக்கும் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், போஸ்ட்கிறெஸில் அதற்கு நோர்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷனே இருக்கிறது.

அகரவரிசையையும் பாருங்கள். குறியீட்டு எண் வரிசையில் ன என்பது ந வுக்கு அடுத்து வந்துவிடுகிறது, அதனால் கனகசபை முன்னும் கமலநாதன் பின்னும் நிற்பார்கள். அகராதிப்படி கமலநாதன்தான் முதல், நமக்கு ன கடைசி மெய். வாசிகசாலைப் பெரியவர் பட்டியலைப் பார்த்த உடனே இது பிழை தம்பி என்பார். மொழிகளின் வரிசை விதிகளை வைத்திருக்கும் ஐசியு என்ற மென்பொருள் தொகுப்பின் தமிழ் வரிசையைத் தெரிவு செய்தால் சரியாகும். வரிசையை மாற்றினால் இன்டெக்ஸுக்கு என்ன ஆகும் என்ற அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்கும், அப்போது பாடப்புத்தகத்தில் பி-மர அத்தியாயத்தைத் திரும்ப எடுப்பீர்கள். நான் வாசிக்கச் சொல்வது இந்த விதமாகத்தான்.

பழைய கோப்புகள் கிடைத்தால் இன்னும் நல்லது. யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பதிவுகள் உள்ளே வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மாற்றும் கருவிகள் உண்டு, ஆனால் ஒரே நிரலில் பாதி பாமினியும் பாதி உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் எது எது என்று பிரிப்பது உங்கள் தலையில்தான். ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்து மாற்றிவிட்டு விழிப்பது இந்த வேலையில் சாதாரணம். மூல நிரலை அழிக்காமல் பக்கத்தில் புது நிரலில் மாற்றுங்கள்.

நேரத்துக்கும் நம்மிடம் ஒரு கதை உண்டு. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பியது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிரீனிச்சைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு என்ற நிலைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அம்மாவைக் கேளுங்கள், பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக் கேட்டுப் போன காலத்தைச் சொல்வார். கிரீனிச் நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டு என்று நிரலாக்கத்தில் எழுதிவிட்டவரின் அறிக்கை அந்தப் பத்து வருடத்துக்கும் பிழை. ஆசியா/கொழும்பு என்று வலயப் பெயரைக் கொடுத்தால் கணினி அந்த மாற்றங்களை அறிந்தே கணக்குப் போடும், ஆனால் 1999இல் கிளிநொச்சியில் எழுதிய ஒரு பதிவேட்டின் நேரம் எது என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. அதற்கு அந்தப் பதிவேட்டை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஓடத் தொடங்கியதும் அதை உடையுங்கள். இரண்டு திரையைத் திறந்து, இரண்டிலும் பரிவர்த்தனை தொடங்கி, கடைசியாக மிஞ்சிய ஒரு பிரதியை இரண்டு பேருக்கு இரவல் கொடுத்துப் பாருங்கள். ஒரு திரை காத்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று காத்து நிற்கும்படி செய்யுங்கள், தரவுத்தளம் ஒருவருடைய பரிவர்த்தனையை ரத்துச் செய்து பலி கொடுக்கும். பத்து இலட்சம் பொய்ப் புத்தகங்களை உண்டாக்கி நிரப்பி, ஒரே கேள்வியை இன்டெக்ஸோடும் இல்லாமலும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பாருங்கள். விடை தேடும் வழியைத் தெரிவு செய்யும் தரவுத்தளத்தின் மூளை 1979இல் பற்றீசியா செலிங்கரும் ஐபிஎம் சகாக்களும் எழுதிய கட்டுரையின் வழித்தோன்றல். செலவை மதிப்பிட்டு மலிவானதை எடுக்கும். மதிப்பீடு எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிப்பதில் நிபுணரின் நாளில் பெரும்பங்கு போகும்.

கடைசியாக சேர்வரை அணைத்து, தரவுக் கோப்புறையை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவாருங்கள். பேக்கப் எடுப்பது எல்லோருக்கும் தெரியும், திரும்ப வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஓர் இடத்தில் இரவு தோறும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது, வட்டு நிறைந்துபோனதால் கோப்பு வெறுமையாகவே விழுந்துகொண்டிருந்தது, கோப்பின் அளவை ஒருவரும் பார்க்கவில்லை. இது சிறிய இடங்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31ஆம் திகதி, மென்பொருளாளர்களின் நிரலாக்கக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் களைத்த நேரத்தில் தவறான சேர்வரில் கட்டளை போட்டு ஏறத்தாழ 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். பேக்கப் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் முன்பிருந்தே பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது, அதை அறிவிக்கும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் எடுத்து வைத்த தரவின் நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையையும் நான் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பேன், பல பாடப்புத்தகங்களுக்கு முன்னால்.

வேலை நிலைக்குமா என்று கேட்டீர்கள். தரவுத்தள நிர்வாகியின் கதை முடிந்தது என்ற பேச்சு அமேசன் 2009இல் கிளவுட்டில் தரவுத்தளத்தைத் தானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவையைக் கொண்டுவந்தபோதே கேட்டது, ஒராக்கிள் 2017இல் தானே இயங்கும் தரவுத்தளம் என்று அறிவித்தபோது இன்னொரு முறை கேட்டது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: நிறுவுவது, பட்ச் போடுவது, வட்டு சேர்ப்பது போன்ற வேலைகளால் மட்டும் சம்பளம் வாங்கியவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. நீங்கள் அந்தப் பக்கமாகப் பழக வேண்டாம். ஏஐ எஸ்கியூஎல் எழுதும், நானே தினமும் எழுத வைக்கிறேன், பல நேரம் நன்றாக எழுதுகிறது. ஆனால் ஒரு அலுவலகத்தின் அட்டவணையில் நிலை என்ற நிரலில் 3 என்று இருந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம், 2019க்கு முந்திய பதிவுகளில் மட்டும் வெளிநாடு போய்விட்டார் என்று அர்த்தம். இதை எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மூலை மேசையில் இருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும். அவரிடம் போய்க் கேட்டு, எழுதி வைத்து, அட்டவணையையும் திருத்துகிறவருக்கு வேலை இருக்கும். அமைதியான ஆட்களுக்கு ஏற்ற வேலை என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

கொழும்பு. முடிந்தால் சில வருடம் போங்கள் என்பேன், கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். நான் அங்கே ஒரு நிதி நிறுவனத்தின் தரவுத்தளக் குழுவில் தொடங்கினேன். மாத முடிவு இரவில் மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள், எப்போது ஒன்றும் செய்யாமல் கை கட்டி நிற்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததை எந்த விரிவுரையும் தந்திருக்காது. இப்போது கொக்குவிலில் வீட்டில் இருந்து ஒரு இங்கிலாந்துக் கொம்பனிக்கு வேலை செய்கிறேன். நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். லண்டனில் நள்ளிரவுக்குப் பராமரிப்பு வேலை தொடங்கினால் இங்கே குளிர்காலத்தில் அதிகாலை ஐந்தரை, கோடையில் நாலரை. அங்கே ஒருவர் நித்திரையைக் கெடுத்துச் செய்ய வேண்டியதை நான் தேத்தண்ணி குடித்துவிட்டுச் செய்கிறேன். ஆனால் அனுபவம் இல்லாதவரை யாரும் தூரத்தில் இருந்து தங்கள் தரவுத்தளத்தில் கை வைக்க விடமாட்டார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க முதல் சில வருடம் ஒரு குழுவுக்குள் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் இப்போது அப்படியான குழுக்கள் இருக்கின்றன, யாழ் ஐரி ஹப் நடத்தும் கூட்டங்களுக்குப் போனால் ஆட்களைச் சந்திக்கலாம். உங்கள் கொம்பனியிலேயே தரவுத்தளப் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று கேளுங்கள். சிறிய இடத்தில் அதை வேண்டுகிறவர்கள் குறைவு, தந்துவிடுவார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேலே சொன்ன புத்தகம் எல்லாம் ஆங்கிலம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும், ஆனால் வாசித்ததைத் தமிழில் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். தமிழில் எழுத வராத இடம் விளங்காத இடம். எழுதியதைப் பிறகு வலைப்பதிவாகப் போட்டால் நேர்முகத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் பேச்சைத் தட்ட வேண்டாம், விண்ணப்பியுங்கள். அரசாங்கத்திலும் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கு ஆட்களை எடுக்கிறார்கள். கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் நான் மேலே சொன்ன பெயர், அடையாள அட்டை, பாமினிச் சிக்கல் எல்லாம் கிடக்கிறது, அவற்றைத் தெரிந்த ஒருவர் உள்ளே போனால் அவர்களுக்கும் நல்லது. பரீட்சை, நேர்முகம், நியமனம் என்று அது இழுபடும். அந்த இடைவெளியில் வாசிகசாலைத் தரவுத்தளத்தை முடித்துவிடலாம். வர்த்தமானி அறிவித்தலில் போட்டிருக்கும் முடிவுத் திகதியை மட்டும் கவனமாகப் பாருங்கள், கடைசி நாளில் தபாலில் போட்டால் போய்ச் சேராது.